ஞாயிறு ஆட்டம்: கவச விதி மாறுகிறது

நண்பர்களுக்கு வணக்கம். 14-ஆம் தேதி ஞாயிறு மாலை 4 மணிக்கு, வழக்கமான மொட்டை மாடியில் ஆட்டம். நாம் ஆடும் டி அண்ட் டி (பகடை உருட்டி ஆடும் Dungeons & Dragons கதாபாத்திர விளையாட்டு) 3.5 பதிப்பின் மாற்றுக் கவச விதியை அன்று சோதித்துப் பார்க்கிறோம்.

விஷயம் இதுதான். இதுவரை கவசம் அடி விழாமல் தடுத்தது. இனி பாதி தடுக்கும், பாதி அடியைக் குறைக்கும். ஃபுல் பிளேட்டின் (முழு உலோகக் கவசம்) +8, இனி ஆர்மர் கிளாஸுக்கு (அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) +4. விழும் ஒவ்வொரு அடியிலும் 4 கழியும். செயின்மெயிலுக்கு (சங்கிலிக் கவசம்) +3, கழிவு 2. லெதருக்கு (தோல் கவசம்) +1, கழிவு 1. கேடயத்தில் மாற்றமில்லை. ஃபயர்பால் போன்ற மந்திர அடியில் எதுவும் கழியாது.

கோப்ளின் (குட்டி அரக்கன்) 1டி6 (ஆறு பக்கப் பகடை ஒன்று) அடித்தால், பிளேட் போட்டவருக்கு 5 அல்லது 6 விழுந்தால்தான் காயம். கத்தியை மட்டும் நம்பியிருக்கும் ரோகுகளுக்கு (பதுங்கித் தாக்கும் கதாபாத்திரங்கள்) இது சிரமம்தான். ஆனால் ஸ்னீக் அட்டாக் டைஸையும் (பதுங்கித் தாக்கும்போது கிடைக்கும் கூடுதல் பகடைகள்) கூட்டிய பிறகே கழிப்போம், பயம் வேண்டாம்.

செய்ய வேண்டியவை:

1. கேரக்டர் ஷீட்டில் புது எண்களைப் பென்சிலில் எழுதுங்கள். பழையதை அழிக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்.
2. கவசம் மாற்ற நினைப்பவர்கள் வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள். பழைய கவசத்தை ஆட்டத்திற்குள் முழு விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.
3. முதல் சண்டை முடிந்ததும் 10 நிமிடம் பேசுவோம். அப்புறம் வாக்கெடுப்பு.

வருபவர்கள் "வருகிறேன்" என்று எழுதி, கூடவே உங்கள் கவசத்தின் பெயரையும் போடுங்கள். எதிரிகளின் எண்களை அதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.