கோதுமையை நிறுத்தச் சொல்லும் முன் ரத்தம் எடுங்கள்: நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட நரம்புத் தொந்தரவோடு காலம் தள்ளும் ஒரு நோயாளி எழுதுகிறேன். உள்ளங்காலில் எரிச்சல், விரல்களில் மதமதப்பு, இருட்டில் நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளும். ஸ்கேன் எடுத்தாயிற்று, நரம்புக் கடத்தல் பரிசோதனை ஆயிற்று, சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாயிற்று. கோப்பில் கடைசியாக எழுதியிருப்பது ‘காரணம் தெரியவில்லை’. என்னைப் போல எத்தனை பேர் உங்களைத் தேடி வருகிறார்கள் என்பது, வெளியே காத்திருக்கும் நாற்காலிகளில் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

இப்படி வருகிற நாங்கள் என்றாவது ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்போம்: “டாக்டர், கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?” அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. “அங்கே இங்கே படித்ததை எல்லாம் நம்பாதீங்க” என்பீர்கள். இல்லையென்றால், “செய்து பாருங்க, நஷ்டம் ஒன்றும் இல்லை” என்பீர்கள். முதல் பதிலைக் கேட்டால் எரிச்சல் வரும், அதோடு போய்விடும். அக்கறையோடு சொல்லப்படும் இரண்டாவது பதிலில்தான் நஷ்டமே இருக்கிறது.

சீலியாக் என்பது குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புசக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். அதற்கான ரத்தப் பரிசோதனை சரியாக வரவேண்டுமென்றால், நோயாளி அந்தக் காலத்தில் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோதுமை, பார்லி, கோதுமைக்கு நெருங்கிய உறவான ரை என்கிற தானியம் ஆகியவற்றில் இருக்கும் புரதம் அது. அதை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் மெல்ல மெல்லக் குறையும்; சிறுகுடலின் உட்சுவரும் தேறத் தொடங்கும். அதற்கப்புறம் சோதித்தால் ‘நெகட்டிவ்’ என்று வரலாம். நோய் இல்லாததால் வந்த நெகட்டிவா, உணவை நிறுத்தியதால் வந்த நெகட்டிவா என்று அந்த அறிக்கையை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு நடந்தது அதுதான். ஒரு மருத்துவர் “செய்து பாருங்க” என்றார், செய்தேன். பல மாதம் கழித்து இன்னொருவர் அந்தப் பரிசோதனையை எழுதினார். அறிக்கையைப் பார்த்துவிட்டு, “இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்” என்றார். எவ்வளவு நாள்? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சொல்வது, குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு. கால் எரிச்சல் கொஞ்சம் அடங்கி, ராத்திரி தூங்க முடிகிற நிலைக்கு வந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? முன்னாலேயே ஒரு குப்பி ரத்தம் எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது.

‘வயிற்று நோயைப் பற்றி எங்களிடம் ஏன் பேசுகிறார்’ என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். 1966இலேயே குக், ஸ்மித் என்ற இருவர் சீலியாக் நோயாளிகள் 16 பேருக்கு வந்த நரம்புப் பாதிப்புகளை விரிவாக எழுதிவிட்டார்கள். 1996இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மாரியோஸ் ஹட்ஜிவாசிலியூவும் அவருடைய குழுவும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். காரணம் தெரியாத நரம்புப் பாதிப்பு உள்ளவர்களின் ரத்தத்தில், குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடினுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடினார்கள். 57 சதவீதம் பேரிடம் இருந்தது. காரணம் தெரிந்த நரம்பு நோயாளிகளிடம் அது 5 சதவீதம்தான். குளூட்டன் அடாக்சியா என்று இன்று நீங்கள் சொல்லும் தள்ளாட்ட நோய் இந்த வழியில்தான் அடையாளம் காணப்பட்டது. அதில் பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. வயிற்றுப்போக்கு இல்லை, எடை குறையவில்லை என்பதற்காக இந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது என்பது அதனால்தான்.

அதே ஆய்வில் ஆரோக்கியமாக இருந்தவர்களிலும் 12 சதவீதம் பேரிடம் அந்த எதிர்ப்பொருள் இருந்தது. ‘எல்லாவற்றுக்கும் கோதுமைதான் காரணம்’ என்று முழங்குகிறவர்கள் இந்த எண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள். அதனால் அந்த ஒரு பரிசோதனையை வைத்து ஒருவர் தலையில் நோயை எழுதிவிடவும் கூடாது.

உணவை மாற்றினால் பலன் உண்டா? 2003இல் அதே குழு குளூட்டன் அடாக்சியா உள்ள 43 பேரைப் பின்தொடர்ந்து எழுதியது. குளூட்டன் இல்லாத உணவைக் கறாராகக் கடைப்பிடித்து, எதிர்ப்பொருளும் மறைந்துபோன 26 பேர், உணவுமுறையே வேண்டாம் என்று மறுத்த 14 பேரைவிட ஓராண்டில் தேறினார்கள். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை, மறுத்தவர்கள் தாங்களாகவே மறுத்தவர்கள் என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம், நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் சிறுமூளையில் உள்ள புர்கின்ஜி செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். இன்னும் நல்ல ஆதாரம் வரட்டும் என்று காத்திருக்கிற காலத்தில் இழப்பது அந்தச் செல்களைத்தான்.

எங்கள் பக்கத்துத் தவறுகளும் உண்டு. நாள்பட்ட நோய் தானாகவே ஏறி இறங்கும். இறங்குகிற வாரத்தில் எதை நிறுத்தியிருக்கிறோமோ அதற்குத்தான் பழி போய்ச் சேரும். நார்வேயில் 59 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஒரு ஆய்வில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே முடிவு செய்திருந்தவர்களுக்கு எது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குளூட்டனைவிட, கோதுமையிலேயே இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்துதான் அதிகத் தொந்தரவு தந்தது. அது வயிற்று உபாதை பற்றிய ஆய்வு, நரம்பைப் பற்றியது இல்லை. இருந்தாலும் ‘நிறுத்தினேன், சரியாயிற்று’ என்கிற அனுபவத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அது ஒரு கடிவாளம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் இந்த உணவுமுறையால் குணமாகும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் கிடையாது. அதை நம்பி மருந்தை விட்டவர்களிடம் நீங்கள் கோபப்படுவது சரிதான்.

சரி, நாங்கள் கேட்பது என்ன? காரணம் பிடிபடாத தள்ளாட்டமோ நரம்புத் தேய்வோ இருந்தால், உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஏ வகை டிடிஜி ரத்தப் பரிசோதனையை எழுதிவிடுங்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் எழுதுங்கள். சிலருக்கு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையே இயல்பில் குறைவு. அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். சீலியாக் நோயாளிகளிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. குடல் சரியாக உறிஞ்சவில்லையென்றால் பி12 மட்டுமல்ல, தாமிரமும் வைட்டமின் ஈயும் குறையும். இரண்டும் நேராக நரம்பைத் தொடுபவை. அவற்றையும் பார்த்துவிடலாம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டு வருகிறவர்களைத் திட்டாதீர்கள். அவர்களுக்கு எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை உண்டு. அதற்குக் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோய் அநேகமாக இல்லை என்று சொல்லிவிடலாம். இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒருவரிடம் இவை இருக்கின்றன.

ரத்தம் எடுத்த பிறகு, சோதனைக்காக நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானால், உங்கள் மருந்துச் சோதனைகளுக்குக் காட்டும் ஒழுங்கில் பாதியையாவது இதற்கும் காட்டுங்கள். குதிகாலை விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் எத்தனை அடி நடக்கிறார், கண்ணை மூடினால் எத்தனை நொடி நிற்கிறார், அதிர்வுக் கவை வைத்த கால் எவ்வளவு உணர்கிறது என்று தொடங்கும் நாளிலேயே குறித்துவையுங்கள். அந்தக் காலத்தில் மாத்திரைகளின் அளவை மாற்றாதீர்கள். மாற்றினால் எதனால் தேறியது என்றே தெரியாது. இரண்டு வாரத்தில் “ஏதாவது வித்தியாசம் தெரியுதா?” என்று கேட்பது வீண். எதிர்ப்பொருள் இறங்கவே மாதக்கணக்காகும். நரம்பு அதைவிட மெதுவானது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதியில் விடுகிறவர்கள் குறைவார்கள்.

“கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ‘குளூட்டன் இல்லாதது’ என்று சீட்டு ஒட்டுவதற்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கும் உச்சவரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்தக் கணக்கு நடக்கும் இடத்தில் ‘கொஞ்சம்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. பார்லியிலிருந்து வரும் மால்ட், சோயா சாஸ், கோதுமையோடு கலந்துபோன ஓட்ஸ் என்று அது எங்கெங்கோ ஒளிந்திருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க யாராவது சொல்லித்தர வேண்டும். உங்களுக்கு நேரமில்லை என்பது புரிகிறது. ஓர் உணவியல் நிபுணரிடம் அனுப்பினால் போதும். நார்ச்சத்து, இரும்பு, ஃபோலேட் குறையாமலும் அவர் பார்த்துக்கொள்வார்.

இன்னும் ஒன்றே ஒன்று. கோப்பில் பரிசோதனை முடிவை எழுதும்போது, அதற்குப் பக்கத்திலேயே நோயாளி அந்த நாளில் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா, நிறுத்தியிருந்தால் எந்தத் தேதியில் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்து அந்தக் கோப்பைத் திறக்கும் மருத்துவருக்கு அந்த நெகட்டிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்