எட்டாம் வகுப்பில் பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து இரண்டு டிவிஷன்களாகப் பிரித்தார்கள். இரண்டாவது டிவிஷனுக்கு ஆசிரியர் அறையில் வழங்கிய பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

அந்த டிவிஷனில் ஒருநாள் நூலில் கல்லைக் கட்டி ஆடவிட்டு, ஆட்டத்தின் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு மாணவன் நூலையும் நீட்டினான், கல்லையும் மாற்றினான். ஆட்டம் மெதுவானதும் "கல்லுதான் சார்" என்றான். நூலின் நீளம்தான் விடை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் அவன் வீட்டுத் தென்னந்தோப்புக்குப் போயிருந்தபோது, கடைசி வரிசையில் குரும்பை உதிர்வது ஏன் என்று கேட்டேன். எல்லா மரங்களுக்கும் ஒரே அளவு உரம் வைத்து, அந்த வரிசைக்கு மட்டும் தண்ணீரைக் கூட்டிப் பார்த்ததாகவும், உதிர்வது குறைந்ததாகவும் சொன்னான். வகுப்பில் வராத அதே சிந்தனை, மடைவாயில் மண்வெட்டியோடு நின்றபோது வந்திருக்கிறது.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. கண்முன் உள்ளதை மட்டும் வைத்து யோசிக்கும் குழந்தை, 'இப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று யோசிக்கத் தொடங்குவது 11, 12 வயதில் என்றும், அது 15 வயதுக்குள் நிலைபெறும் என்றும் முதலில் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. நூலில் கல்லைக் கட்டி ஆடவிடும் இந்த ஊசல் சோதனையைப் பிள்ளைகளுக்கு வைத்தவர்கள் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும்தான். ஆனால் 1972இல் அவரே தம் கருத்தைத் திருத்தினார்: இத்திறன் சிலருக்கு 15க்கும் 20க்கும் இடையில் வரலாம், அதுவும் அவரவர் பழகிய தொழிலில்தான் முதலில் வெளிப்படலாம். தச்சரிடமும் மெக்கானிக்கிடமும் பயிலும் இளைஞர்களை அவர் உதாரணமாகக் காட்டினார். திட்டமிடுவதற்கும் அவசரத்தை அடக்குவதற்கும் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஆகவே ஜூனில் பள்ளி திறக்கும்போது எட்டாம் வகுப்பு டிவிஷன் பட்டியலை மதிப்பெண் வரிசையில் ஒட்டாதீர்கள். பெயரின் அகர வரிசையே போதும். ஊசல் பாடத்தை நடத்துவதற்கு முன், தோப்பிலும் வாய்க்காலிலும் பிள்ளைகள் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று ஒரு பீரியட் பேசவிடுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வட்டார ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்