கட்டியங்காரனைப் பாதியில் அனுப்பினால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைவர்களின் குரலில் கேலி ஆடியோ செய்து வாட்ஸ்அப்பில் விடுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படிச் செய்கிறவர்களில் நானும் ஒருவன். கடலூர் முதுநகர், பகலில் செல்போன் கடை, ராத்திரியில் பலகுரல். அவருக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது ஞாபகம் இருக்கும். திருப்பூருக்குத் துணி என்றால் எங்கள் பக்கம் அடிபட்டது இறால். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் வன்னாமி இறால் வளர்க்கிறவர்கள் எனக்குச் சொந்தத்திலேயே உண்டு. அந்த எரிச்சலில் நானும் மச்சானும் ஒரு நாலு நிமிஷ ஆடியோ செய்தோம். டிரம்ப் கடலூர் துறைமுகத்துக்கு வந்து இறால் ஏலம் எடுக்கிறார், அதுதான் கதை.

ஏலச் சத்தத்தை விடியற்காலையில் நேரில் போய் எடுத்தோம், பேச்சை பெட்ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் பதிந்தோம் (எதிரொலி வராமல் இருக்க இதைவிட மலிவான ஸ்டூடியோ கிடையாது). அவர் குரல் எனக்குச் சுத்தமாக வராது. பரவாயில்லை, பழக்கம் பிடிபட்டால் போதும்: சொன்னதையே மூன்று தடவை சொல்வது, எதை எடுத்தாலும் உலகத்திலேயே பெரியது என்பது, பாதிப் பேச்சில் வேறு கதைக்குத் தாவுவது. இறால் வியாபாரத்தில் கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதற்குப் பெயர் கவுண்ட். ஏலக்காரர் “ஐம்பது கவுண்ட்” என்றதும் நம்ம ஆள், “கவுண்டிங்கில் மோசடி, திரும்ப எண்ணு, நான்தான் ஜெயித்தேன்” என்று குதிப்பார். 2020 தேர்தலில் தோற்ற பிறகு அவர் விடாமல் சொன்னது அதைத்தானே. முடியைப் பற்றி மச்சான் நாலு ஜோக் வைத்திருந்தான், நான் வெட்டிவிட்டேன், அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒருவர் ஊரறியச் செய்ததையும் சொன்னதையும் கிண்டல் செய்யவே நேரம் போதாதபோது முடி எதற்கு?

சரி, தப்புக்கு வருகிறேன். கடைசியில் டிரம்ப் இறால் குழம்பு சாப்பிட்டுவிட்டு, “உங்களுக்கு வரி ரத்து” என்பார். இது பலகுரல், சிரிக்க மட்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தோம். யாரோ ஒரு புண்ணியவான் தலையையும் உடம்பையும் வெட்டிவிட்டு வால் இருபது விநாடியை மட்டும், டிவியில் தமிழில் சொன்னார்கள் என்ற வரியோடு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் கிள்ளையிலிருந்து பெரியப்பா போன் செய்தார். “ஏம்ப்பா, வரியை எடுத்துட்டானாமே, குளத்து இறாலை இப்பப் பிடிக்காம பத்து நாள் வைக்கட்டுமா?” ஒவ்வொரு நாளும் தீனிச் செலவு, நடுவில் நோய் விழுந்தால் மொத்தமும் போச்சு. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன், அதாவது கதையை நடத்திக்கொண்டே கேலி பேசுகிற கோமாளி, துரியோதனனையே முகத்துக்கு நேரே வாருவான். அது நிஜம் என்று யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் விடியும்வரை அவன் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறான். நாங்கள் அவனை முதல் காட்சியிலேயே அனுப்பிவிட்டோம். அப்புறம் ஆடியோவைத் திருத்தினோம். இப்போது மீன்காரம்மா ஒருத்தி பத்து விநாடிக்கு ஒரு தடவை, “டேய், நீ செல்போன் கடைக்காரன்தானே, பழைய பாக்கி எங்கடா?” என்று குறுக்கே வருவாள். எந்த இடத்தில் வெட்டினாலும் அவள் இருப்பாள்.

ஏஐ வைத்து அச்சு அசலாகக் குரலை எடுக்கிறவர்கள் கதை வேறு. 2024 தொடக்கத்தில் மறைந்த கலைஞரையே அப்படிப் பேச வைத்தார்கள், சரி, அது அவர் கட்சிக்காரர்களே எல்லோருக்கும் தெரிய வைத்துச் செய்தது. உயிரோடு இருக்கிறவர் சொல்லாததை அவர் குரலிலேயே சொல்ல வைத்து, எங்கேயும் சிரிப்பு வராதபடி பார்த்துக்கொண்டால் அது கள்ளக் கையெழுத்து. அதற்கு வழக்குப் போடுங்கள், நானே சாட்சிக்கு வருகிறேன்.

ஆனால் உங்கள் வாசகர் கேட்பது அதை மட்டும் இல்லையே, கேலி என்றாலே போலீஸ் என்கிறார். 2012-ல் பக்கத்துப் புதுச்சேரியில் சிறுதொழில் செய்கிற ஒருவர் அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்குக் கைதானார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். கைது செய்ததால்தான் நாட்டுக்கே தெரிந்தது. அவரைக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே 2015-ல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாரா?

பெரியப்பா மறுநாளே குளத்தைப் பிடித்துவிட்டார். திருத்திய ஆடியோவை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். “அந்த மீன்காரம்மா நல்லா பேசுறாப்பா, யாரு அது?” என்றார். அதுவும் நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வாசகன்,
முதுநகர், கடலூர்