கணினிக்குள் ஒட்டிய மஞ்சள்

ஆசிரியருக்கு,

மஞ்சளின் நிறமியான குர்க்குமின் ஒரு வைரஸின் புரதத்தோடு கணினிச் சோதனையில் பொருந்துகிறதாம், 'மருந்து கண்டுபிடிப்பு' என்று எங்கோ செய்தியில் படித்துவிட்டு, எங்கள் அயல்வீட்டு அக்கா தினமும் மூன்று கோப்பை மஞ்சள்நீர் குடிக்கிறார். சாம்பல் போட்டுத் தேய்த்தும் கோப்பை விளிம்பில் கறை போகவில்லை.

கணினி செய்வது வெறும் சல்லடை வேலை. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைப் புரதத்தின் குழியில் பொருத்திப் பார்த்து, எது இறுகப் பிடிக்கும் என்று மதிப்பெண் போடுகிறது. ஆய்வுகூடம், விலங்கு, மனிதர் என்று சோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். குர்க்குமினோ நீரில் கரைவதே அரிது. குடலும் அதைச் சொற்பமாகவே உறிஞ்சும்.

'மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடுமுன், ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு வரி சேருங்கள்.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை