மழைக்கோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குப் போன் போடுகிறாய், தெரியும். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்ததும் வைத்துவிடுகிறாய், அதுவும் தெரியும். சரி, விடு. மழைக்கோட்டு வாங்கினாயா? விடிகாலை நாலு மணிக்கு மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவன் கிழிந்த கோட்டோடு போகலாமா? லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே.

இங்கே சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாக மழை. அம்மாவுக்கு முட்டி வலி. நம் தோட்ட லயம் இருந்த இடத்தில் செம்பனை ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கச்சி ‘ஜகாட்’ படத்தைப் போட்டுக் காட்டினாள். 2015இல் வந்தது, நம் பிள்ளைகள் எடுத்த தமிழ்ப் படம். மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனியாக ஒதுக்கப் பார்த்தார்கள். பெரிய சத்தம் கிளம்பிய பிறகு மாற்றினார்கள். கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் இதுதான் என்று பரிசு கிடைத்தது. பேப்பரில் படித்து அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படத்தை மட்டும் பார்க்கவில்லை.

கதை 1991இல் நடக்கிறது. பையன் பேர் அப்போய், பன்னிரண்டு வயது. நீயும் அப்போது அதே வயதுதான். அப்பன் உழைக்கிறான், மகன் படித்து முன்னேற வேண்டும் என்கிறான், அடிக்கிறான். மலாயில் கெட்டது என்பதற்குச் சொல்லும் ‘ஜஹாட்’டை நாம்தானே ‘ஜகாட்’ ஆக்கினோம். அந்த வார்த்தையால் உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

பாதியில் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். சிகரெட்டுக்குத்தான் போகிறேன் என்று அம்மா முறைத்தாள். அதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

தீபாவளியன்று பேரனிடம் ரோத்தான் பிரம்பைக் காட்டியது விளையாட்டுக்கு. அவன் மேல் படவே இல்லை. அதற்காக அன்று ராத்திரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிப் போவதா? சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல்? பெற்றவனுக்கு இவ்வளவுதான் மரியாதையா? நானும் நாலு மணிக்கு எழுந்து தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவன்தான். ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டுப் பட்டையெல்லாம் வழியும், பால் பிடிக்கும் மங்கில் விழாது. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அப்படித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினேனா?

தம்பி, அந்த மைலோ டின்னில் இருந்த 20 வெள்ளி. நீ எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன், நாலு நம்பர் லாட்டரி எடுக்க. ஒன்பது நாள் மழை, வெட்டு இல்லை. ஒரே தடவையில் எல்லாவற்றையும் சரிபண்ணிவிடலாம் என்று புத்தி போயிற்று. அம்மா டின்னைத் திறந்து கேட்டதும் உன் பக்கம் கை காட்டினேன். ரோத்தானை எடுக்கும்போதே எனக்குத் தெரியும். மூன்றாவது அடியில், ‘ஆமாப்பா, நான்தான் எடுத்தேன்’ என்றாய். அதற்கப்புறமும் அடித்தேன்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ சொல்வதாக இருந்தால் சொல்லிக்கொள்.

உள்ளே 50 வெள்ளி வைத்திருக்கிறேன். சிங்கப்பூர்க் காசு சம்பாதிக்கிறவனுக்கு இது ஒன்றுமில்லைதான். கோட்டு நல்லதாகப் பார்த்து வாங்கு. இருபதுக்கு விற்பதை வாங்காதே, இரண்டு மழை தாங்காது.

அப்பா