அன்பு எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரலோகத்தில் இடம் பிடிக்கத்தான் கிறிஸ்தவர்கள் அன்பு காட்டுகிறார்கள் என்று எங்கள் தாராவியில் பலர் நினைக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் சிலரும்கூட. வேதம், அதாவது பைபிள், சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். கொலோசே ஊர் விசுவாசிகளுக்கு எழுதிய கடிதத்தில் (கொலோசெயர் 3:12) அப்போஸ்தலன் பவுல் முதலில் 'நீங்கள் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்', அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், என்கிறார். இரக்கத்தையும் தயவையும் தரித்துக்கொள்ளச் சொல்வது அப்புறம்தான். அந்தத் தெரிந்துகொள்ளுதலுக்கும் நம்மிடம் ஒரு தகுதியும் கிடையாது. இஸ்ரவேலர் பெரிய ஜனம் என்பதற்காகத் தேவன் அவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை, அவர்கள் எல்லாரிலும் கொஞ்சமானவர்கள் என்று பழைய ஏற்பாட்டின் உபாகமம் 7-ம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. இதை நம்புகிறவனுக்குப் பெருமையடிக்க ஏது இடம்?

போன மழைக்காலத்தில் எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு வருடமாக என்னோடு பேசாத பக்கத்து வீட்டு அக்கா, ஒரு குடம் குடிதண்ணீரும் தூக்குச்சட்டியில் சுடுசோறும் கொண்டுவந்து கொடுத்தார். பழைய சண்டையில் தப்பு என்னுடையதுதான். "எனக்கு எதுக்குக்கா?" என்றேன்.

"நான் லாயக்குன்னு பாத்தா ஆண்டவர் என்னைக் கூப்பிட்டாரு?" என்றவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை