வெளிநாட்டு பிஎச்.டி.: முதல் ஆண்டைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன். வெளிநாட்டுப் படிப்பு பற்றி வரும் கட்டுரைகளை வகுப்பில் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டுவதும் உண்டு. எந்த நாட்டில் என்ன கட்டணம், ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும், விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று எல்லாம் வருகிறது. ஆனால் அந்தக் கட்டுரைகள் அத்தனையும் மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு முடிந்துவிடுகின்றன. எம்.எஸ். படிக்கப் போகிற பிள்ளைக்கு அது ஓரளவு போதும். அங்கே போனால் பாடத்திட்டம் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது. பிஎச்.டி.க்குப் போகிறவர்களுக்குப் போதவே போதாது. அவர்களுக்கு அங்கே காத்திருப்பது ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மேற்பார்வையாளர். அவ்வளவுதான்.

நான் சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். இங்கே எம்.எஸ்சி. முடித்து, வட இங்கிலாந்தில் பிஎச்.டி. செய்துவிட்டுத் திரும்பினேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர், ஜனவரி வந்தால் பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவிகள் வருவார்கள். அவர்களிடமும் கூட வருகிற பெற்றோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்: பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, யாரிடம் ஆய்வு செய்யப் போகிறோம் என்பதும், முதல் ஆண்டு எப்படிப் போகிறது என்பதும்தான் இந்தப் படிப்பில் முக்கியம்.

அண்ணா நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் இருக்கும் கன்சல்டன்சிகள் பெரும்பாலும் எம்.எஸ். சேர்க்கைக்குத்தான் உதவுவார்கள். பிஎச்.டி. என்றால் மாணவரே பேராசிரியரைத் தேடி எழுத வேண்டும். ஒரு மாணவி தான் அனுப்பிய மெயிலை என்னிடம் காட்டினாள். பல பேராசிரியர்களுக்கு அதையேதான் அனுப்பியிருந்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று போனது. என்ன ஆய்வு என்று எங்கும் இல்லை. அந்த மெயில் போன பேராசிரியர்களில் ஒருவர் பெண். எவரும் பதில் போடவில்லை. இரண்டு பேராசிரியர்களை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவர்களுடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்து, எந்த இடத்தில் அவளுக்குக் கேள்வி எழுந்தது, அதற்கு என்ன சோதனை செய்து பார்க்கலாம் என்று ஒரு பத்தி எழுத வைத்தேன். ஒருவர் மறு வாரமே பதில் எழுதினார். அந்தப் பத்தியை எழுத அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. ஆய்வுக்கூடத்திலும் வகுப்பிலும் யாரும் அவளை அப்படி எழுதச் சொன்னதில்லை என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

பதில் வந்துவிட்டது, நேர்காணலும் நன்றாகப் போனது என்றால் உடனே சரி சொல்லிவிட வேண்டாம். அந்தப் பேராசிரியரிடம் இப்போது ஆய்வு செய்கிற மாணவர்கள் ஓரிருவரிடம் பேசுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பார், எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திருப்ப எவ்வளவு நாளாகும், அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது மேற்பார்வையாளர் யார் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் சேர்ந்து முதல் ஆண்டு முடிவதற்குள் என் மேற்பார்வையாளர் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகப்போகிறார் என்று துறையில் இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரு மெயிலில்தான் தெரிந்தது. உள்ளூர் மாணவருக்கு அது பெரிய தொல்லை, அவ்வளவுதான். நமக்கு அப்படி இல்லை. நம் விசா பல்கலைக்கழகத்தோடு கட்டப்பட்டது. அவரோடு போவதென்றால் புதிய சேர்க்கை, புதிய விசா, புதிய கட்டணம். நான் இரண்டாவது மேற்பார்வையாளரிடம் தொடர்ந்தேன். அவர் என் தலைப்பில் பாதி அறிந்தவர், ஆனால் நேரம் கொடுத்தார். என் பட்டம் அவரால் வந்தது.

பணம், விசா பற்றி உங்கள் கட்டுரைகளில் விடுபடுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பிரிட்டன் விசாவுக்கு மாணவர் கட்ட வேண்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. அதை ஆண்டுக்கு ஆண்டு கட்ட முடியாது. நான்கு ஆண்டு விசா என்றால் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து, விண்ணப்பிக்கும்போதே 3,104 பவுண்டு. நம் பணத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டும். உதவித்தொகை கிடைத்த பிள்ளைகூட இந்தத் தொகைக்குத் திடீரென்று நகையை அடகு வைக்கும் நிலை வருகிறது. வேதியியல், பொறியியல் போன்ற சில துறைகளுக்கு ஏட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதியும் விசாவுக்கு முன் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். பகுதி நேர வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான், இளநிலை மாணவர்களைப் போலக் கோடையில் முழு நேரம் வேலை பார்த்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்று ஆய்வு மாணவர் கணக்குப் போட முடியாது, அவருக்கு அந்தக் கோடை விடுமுறையே பொதுவாக இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவருக்கு இந்த மணிக்கணக்கு வரம்பு கிடையாது. அப்புறம், திருமணமான மாணவிகள் நிறையப் பேர் கேட்பதால் இதையும் எழுதுகிறேன்: 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் பாடவழி எம்.எஸ். மாணவர்கள் கணவரையோ குழந்தையையோ அழைத்துப் போக முடியாது. ஆய்வுப் பட்டத்துக்குப் போகிறவர்கள் அழைத்துப் போகலாம்.

இனி முதல் ஆண்டு. இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பிரிட்டனில் சேர்ந்த அன்றே யாரும் முழு பிஎச்.டி. மாணவராகிவிடுவதில்லை. பல பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்து, துறை ஆசிரியர்கள் இருவர் முன் உட்கார்ந்து பதில் சொல்லித் தேற வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் சேர்ந்து சுமார் ஓராண்டில் இதுபோல உறுதிப்படுத்தும் கட்டம் உண்டு. அமெரிக்காவில் முதலில் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகே ஆய்வேடு. தேறாதவருக்குப் பெரும்பாலும் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதிலும் தேறாவிட்டால் எம்.பில். போன்ற பட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியும்?

இதில் நம் பிள்ளைகள் தடுமாறுவது அறிவுக் குறைவால் இல்லை. இங்கே ஆய்வின் முன்னேற்றத்தை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி முன் நிற்கும்போது கைடு, அதாவது நம் மேற்பார்வையாளர், பக்கத்தில் இருப்பார். கடினமான கேள்வி வந்தால் அவரே கொஞ்சம் தாங்கிக்கொள்வார். கைடு சொன்னதை மறுத்துப் பேசாமல் செய்வதுதான் நல்ல மாணவர் என்று பழகிவிட்டோம். அங்கே பேசாமல் தலையாட்டுகிற மாணவரைப் பார்த்து, இவருக்குச் சொந்தமாகக் கருத்தே இல்லையோ என்று நினைத்துவிடுகிறார்கள். சந்திப்பில் என்ன பேச வேண்டும் என்று பட்டியல் கொண்டு போக வேண்டியது மாணவர். பேசி முடித்து, என்ன முடிவு செய்தோம் என்று சுருக்கமாக எழுதி அனுப்ப வேண்டியதும் மாணவர்தான். அந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். விசா மாணவர் ஒழுங்காக வந்து படிக்கிறாரா என்று கவனிக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு; மேற்பார்வையாளர் மாறினாலும், கருத்து வேறுபாடு வந்தாலும், உங்கள் பக்கம் பேசுவது அந்தக் குறிப்புகள்தான்.

இரண்டாம் ஆண்டு வேறு மாதிரி. என் ஆய்வு, கழிவு நீரிலிருந்து துணிச்சாயத்தை நீக்கும் ஒரு தூளைப் பற்றியது. ஒரே உலை, ஒரே வெப்பநிலை, ஒரே அளவு. திங்கள்கிழமை செய்த தூளைப் போட்டால் நீல நீர் தெளிந்துவிடும். வியாழக்கிழமை செய்த தூளைப் போட்டால் குடுவை அப்படியே நீலமாக நிற்கும். காரணம் தெரியாமல் மாதங்கள் போயின. உலைக்குள் குடுவையை வைத்த இடம் ஒரு பக்கம் தள்ளியிருந்தாலே சூடு மாறுகிறது என்று கடைசியில் தெரிந்தது. அந்த மாதங்களில் வீட்டிலிருந்து போன் வரும். 'எப்போம்மா முடியும்?' என்று அப்பா கேட்பார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்காது. பெற்றோர்களே, அதற்குப் பதிலாக இந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்லட்டும்.

உடம்போ மனமோ சோர்ந்தால் மறைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரிரு வாரம் ஊருக்கு வந்து போவது அனுமதி பெற்றால் சிக்கல் இல்லை. மாதக்கணக்கில் படிப்பை நிறுத்தி வைப்பதென்றால் உள்ளூர் மாணவர் தன் அறையிலேயே ஓய்வெடுக்கலாம். நம் மாணவருக்குப் பல்கலைக்கழகம் விசா ஆதரவை விலக்கிக்கொள்ளும் நிலை வரலாம்; நாடு திரும்பிப் புதிய விசா வாங்கிப் போக வேண்டியிருக்கும். அந்தப் பயத்தால் பிள்ளைகள் சொல்லாமலே இழுத்துப் பிடிக்கிறார்கள். முற்றிய பிறகு சொல்வதைவிட, தொடக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் வழி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், 1983-ல் நோபல் பரிசு பெற்றவர், 1930-ல் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு மாணவராகத்தான் போனார். புறப்படும்போதே தாயார் நோய்வாய்ப்பட்டிருந்தார். போ என்று சொன்னதும் அவர்தான். மறு ஆண்டு மே மாதம் தாயார் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். ஆய்வில் மனம் நிலைகொள்ளாமல் தவித்த அவர், இயற்பியலாளர் டிராக்கின் யோசனைப்படி கடைசி ஆண்டை கோபன்ஹேகனில் இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஆய்வு நிறுவனத்தில் கழித்துவிட்டு, 1933-ல் பட்டம் பெற்றார். அவ்வளவு பெரிய மேதைக்கே நடுவில் இடம் மாற வேண்டியிருந்தது. இடம் மாறுவதையும் உதவி கேட்பதையும் தோல்வி என்று நம் வீடுகளில் பேசுவதை நிறுத்த வேண்டும்.

முடிவில் வரும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் அங்கே வேறு. இங்கே பொது வைவா என்றால் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டி, துறையே கூடி, பொன்னாடை, லட்டு, மிக்சர், காபி என்று வீட்டு விசேஷம்போல நடக்கும். பிரிட்டனில் மூடிய அறையில் பெரும்பாலும் நீங்களும் தேர்வாளர்கள் இருவரும் மட்டும். அதில் ஒருவர் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேட்பார்கள். பெரும்பாலோருக்குச் சில திருத்தங்களோடுதான் தேர்ச்சி கிடைக்கும். திருத்தம் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் அழ வேண்டாம், அது தேர்ச்சிதான்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கல்விப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, வெளிநாட்டில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு ஆய்வில் இருக்கிற தமிழ் மாணவர் ஒருவரை எழுத வையுங்கள். சேர்க்கை கிடைத்த கதையை அல்ல, இப்போது என்ன செய்கிறார், எங்கே தடுமாறினார் என்பதை. செப்டம்பர், அக்டோபரில் புறப்படுகிறவர்கள் படிக்கும்படி மே, ஜூன் மாதங்களில் தொடங்கினால் நல்லது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற ஓர் இடத்தில் பெற்றோரையும் அழைத்து ஒரு கலந்துரையாடல் வைத்தால் நானும் என்னைப் போல் திரும்பி வந்த நண்பர்களும் வந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியை,
கொளத்தூர், சென்னை - 99.